இரண்டு நீல மூடிகள்: ரெயூனியனில் கேம்பர் வேனுக்கு ஆட்புளூ ஊற்றிய அனுபவம்

எங்கள் வேனின் இடப்பக்கத்தில் நீல மூடி இரண்டு உண்டு. ஒன்று ஓட்டுநர் கதவுக்குப் பின்னால், டீசல் மூடியை ஒட்டினாற்போல், சின்னது. இன்னொன்று பின்சக்கரத்துக்கு மேலே, சாவி போட்டுத் திறப்பது. சின்னது ஆட்புளூவுக்கு, அதாவது டீசல் புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாத் திரவத்துக்கு. சாவி போட்டது குடிதண்ணீர்த் தொட்டிக்கு. ஆட்புளூ மூடிக்கு நீலம் கொடுப்பது வண்டி செய்கிறவர்களின் வழக்கம். தண்ணீர் மூடிக்கு நீலம் கொடுப்பது, சரக்கு வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் தொட்டியும் பொருத்தித் தருகிறவர்களின் வழக்கம். இரண்டு வழக்கமும் ஒரே வண்டியில் வந்து கூடிவிட்டன. சாதாரணக் காரில் இல்லாத சிக்கல் இது. கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் ஆட்புளூவைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் ஒரு கேன் திரவம் ஊற்றியதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் காரைக்காலிலிருந்து வந்து, ரெயூனியன் தீவின் சேன் ஆந்த்ரே ஊரில் குடியிருக்கும் குடும்பம். வண்டியை ஓட்டுவது வீட்டுக்காரர். டயர் காற்று, பேட்டரி, என்ஜின் ஆயில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் என் பொறுப்பு. சனி, ஞாயிறு என்றால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எத்தாங் சலே கடற்கரையின் சவுக்குத் தோப்புக்கோ, குளிர் வேண்டுமென்றால் பிளேன் தே காஃப்ர் மேட்டுக்கோ போய்விடுவோம். அப்படி மேட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முகப்புத் திரையில் செய்தி வந்தது: ஆட்புளூ நிரப்பவும், 2400 கி.மீ.க்குப் பிறகு என்ஜின் கிளம்பாது.

"கிளம்பாது" என்று படித்ததும் வீட்டுக்காரர் பதறிப்போனார். பதற ஒன்றுமில்லை. ஐரோப்பிய விதிப்படி, குறைந்தது 2400 கி.மீ. ஓடுவதற்கான திரவம் மிச்சமிருக்கும்போதே வண்டி முதல் எச்சரிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். ரெயூனியன் பிரான்சின் மாவட்டம் என்பதால் அதே விதி இங்கேயும் பொருந்தும். நம் தீவைச் சுற்றி வரும் சாலையின் நீளம் 200 கி.மீ.க்குச் சற்று மேல். அப்படியென்றால் தீவைப் பத்துத் தடவைக்கு மேல் சுற்றிவர அவகாசம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுவழியில் நின்றுவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு பூஜ்யத்துக்கு வந்தபின் அணைத்தால்தான் மறுபடி கிளம்பாது. ஆனால் சிலாவோஸ் போல நானூறு வளைவு ஏறிப் போகும் ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் அந்த நிலைமை வரக்கூடாது. எச்சரிக்கை வந்த வாரத்திலேயே ஊற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

இந்தத் திரவம் டீசலோடு கலப்பதில்லை. பலர் இதை டீசலில் விடும் மருந்து என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தனித் தொட்டி, தனிப் பம்பு, தனிக் குழாய். என்ஜினுக்குள் போகாமல், என்ஜினிலிருந்து வெளியே வரும் புகைக்குழாயில் பீய்ச்சப்படுகிறது. டீசல் என்ஜினின் அதிகச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகின்றன. நுரையீரலை எரிக்கும் வாயுக்கள் அவை. ஆட்புளூ என்பது 32.5 சதவீதம் யூரியாவும், மீதி கனிம உப்பெல்லாம் நீக்கிய தண்ணீரும். சூடான குழாயில் பட்டதும் தண்ணீர் ஆவியாகி, யூரியா உடைந்து அம்மோனியாவாகிறது. அடுத்துள்ள வினையூக்கிப் பெட்டியில் அந்த அம்மோனியா நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சந்தித்து, வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாற்றிவிடுகிறது. ஐரோப்பாவின் புகைக் கட்டுப்பாட்டு விதியான யூரோ 5-இல் டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 180 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றிருந்தது, யூரோ 6 வந்ததும் 80 மில்லிகிராமாக இறங்கியது. எங்கள் வேன் போன்ற கனத்த சரக்கு வண்டிகளுக்கு 125 மில்லிகிராம். 2015 செப்டம்பரிலிருந்து புதிய கார்களுக்கும், 2016 செப்டம்பரிலிருந்து பெரிய வேன்களுக்கும் இது கட்டாயம். இந்த அளவுக்கு இறங்குவதற்குப் பெரும்பாலான டீசல் வேன்களுக்கு இந்தத் திரவம் தேவைப்பட்டது.

32.5 என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று கொழுந்தனார் கேட்டார். தண்ணீரும் யூரியாவும் அந்த விகிதத்தில் சேர்ந்தால்தான் உறைநிலை மிகக் கீழே, மைனஸ் 11 டிகிரிக்கு இறங்கும். அதைவிடக் கூட்டினாலும் குறைத்தாலும் அதற்கு முன்பே உறையத் தொடங்கிவிடும். இரண்டும் ஒரே விகிதத்தில் சேர்ந்து உறைவதால், பாதி உறைந்த நிலையிலும் மிச்சத் திரவத்தின் செறிவு மாறாது. ஐரோப்பாவின் பனிக்காலத்துக்காக யோசித்துச் செய்த அளவு இது. பிளேன் தே காஃப்ரில் ஜூலை, ஆகஸ்டு இரவுகளில் புல்லின்மேல் உறைபனி படியும். அதற்கெல்லாம் இது அசையாது. குளிரைப் பற்றிய எச்சரிக்கைகளை நம் தீவில் விட்டுவிடலாம்.

நமக்குப் பகை வெயில்தான். கையேடுகளில் இது சின்ன எழுத்தில் இருக்கிறது. இந்தத் திரவத்துக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ 22241. அதில் சேமிப்பு வெப்பத்துக்கு ஏற்ப ஆயுள் கொடுக்கப்பட்டிருக்கிறது. 10 டிகிரிக்குள் வைத்தால் 36 மாதம் தாங்கும். 25 டிகிரிக்கு 18 மாதம். 30 டிகிரிக்கு 12. 35 டிகிரிக்கு வெறும் 6 மாதம். அதற்கு மேல் போனால் பயன்படுத்தும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் நம் கடற்கரை ஊர்களில் நிழலிலேயே 30 டிகிரியைத் தாண்டுகிறது. வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள் எவ்வளவு ஏறும் என்பதை, மதியம் கதவைத் திறந்தவர்கள் யாரும் சொல்லிவிடுவார்கள். சூட்டில் யூரியா தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து அம்மோனியா வாடை வரும், செறிவும் மாறும். "மலிவாகக் கிடைக்கிறது, நாலு கேன் வாங்கி வைத்துக்கொள்ளலாம்" என்ற யோசனை ஐரோப்பாவின் நிலவறைக்குச் சரி, சேன் ஆந்த்ரே தகரக் கொட்டகைக்குச் சரிப்படாது.

அதனால் வாங்கும்போது நான் முதலில் பார்த்தது தயாரிப்புத் தேதியை. இங்கே டீசல் விலையை பிரிஃபெக்சர் என்ற அரசு நிர்வாக அலுவலகம் மாதாமாதம் நிர்ணயிப்பதால் தீவு முழுக்க ஒரே விலை. ஆட்புளூ கடைக்குக் கடை மாறுகிறது. முதலில் போன கடையில் நல்ல தள்ளுபடி. கேன்களோ கண்ணாடிச் சுவரை ஒட்டி, மதிய வெயில் நேரே விழும் இடத்தில் அடுக்கியிருந்தன. திருப்பிப் பார்த்தால் தேதி ஒரு வருடத்துக்கும் முந்தையது. வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்னொரு கடையில், உள்ளறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். சமீபத்துத் தேதி, மூடியில் முத்திரை உடையவில்லை, கேனின்மேல் ஐ.எஸ்.ஓ 22241 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. வளைந்து கொடுக்கும் ஊற்றுக்குழாயோடு 10 லிட்டர் கேன் ஒன்று வாங்கினேன். லிட்டருக்கு விலை கொஞ்சம் கூடத்தான். நான் பார்த்துக்கொண்ட கணக்கு வேறு. கெட்ட திரவத்தால் பம்பும் தொட்டியும் மாற்றும்படி ஆனால், அது பல வருடத்து ஆட்புளூச் செலவை ஒரேயடியாக விழுங்கிவிடும்.

கேனை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்தார். கரும்பு போடுகிறவர். பூட்டனார் காலத்தில் கப்பலில் வந்த குடும்பம், பேசுவது கிரியோல். கேனின்மேல் யூரியா என்று இருப்பதைப் படித்துவிட்டு, "என் கொட்டகையில் உர மூட்டை கிடக்கிறதே அம்மா, கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்றார். மனதாரச் சொன்னார். நான் பதில் சொல்லும் முன்பே கொழுந்தனார் உள்ளேயிருந்து எழுந்து வந்துவிட்டார்.

கொழுந்தனார் ஊரில் காரைக்கால் துறைமுகத்திலிருந்து லாரி ஓட்டியவர். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது அவர் ஓட்டிய புது லாரிக்கும் இந்தத் திரவம் வந்தது. அங்கே டிரைவர்கள் வாயில் இதற்குப் பெயர் யூரியா தண்ணி. "அண்ணி, நம்ம பக்கம் இதைச் செஞ்சு பார்த்தவங்க இருக்காங்க. உர மூட்டையை வாங்கி, பக்கெட்டுல கரைச்சு, துணியில வடிகட்டி ஊத்துவாங்க. கொஞ்ச நாளைக்கு ஓடும். அப்புறம் உள்ள அடைச்சுக்கிட்டு வண்டி இழுக்காது. நம்ம ஊரு யூரியாவுல வேப்பெண்ணெய் வேற பூசியிருக்கும். அதைக் கரைச்சு ஊத்துனா எண்ணெயும் சேந்துதானே உள்ள போவும்?"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. 2015 முதல் இந்தியாவில் விற்கும் உர யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று ஆனது. மற்ற நாட்டு உரத்திலும், மணிகள் கட்டிபிடிக்காமல் இருக்க ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பொருள்களைக் கலப்பது உண்டு. பயிருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆட்புளூவுக்கான வரம்போ வேறு உலகம்: ஆல்டிஹைடு ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, பையூரெட் என்ற துணைப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, கால்சியம் ஒரு கிலோவுக்கு வெறும் 0.5 மில்லிகிராம். குழாய்த் தண்ணீரில் சாதாரணமாகவே இதைப்போலப் பல மடங்கு கால்சியம் இருக்கிறது. உரத்தை விடுங்கள், சுத்தமான யூரியாவையே குழாய்த் தண்ணீரில் கரைத்தாலும் தோற்றுவிடும். அந்தச் சுண்ணாம்பு எரிந்து போகாது. வினையூக்கியின் நுண்துளைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரியவரிடம் இதை விளக்கிச் சொன்னபோது, சொட்டுநீர்க் குழாயில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்வதை அவரே எடுத்துச் சொல்லி ஒப்புக்கொண்டார். உரத்தைக் கரும்புக்கே விட்டுவிடுவோம் என்றார்.

ஊற்றுவதற்கு விடிகாலையைத் தேர்ந்தெடுத்தேன். முந்தின இரவு முழுக்க வண்டி நின்றிருந்தது. ஓடி வந்த சூட்டோடு மூடியைத் திறந்தால் தொட்டிக்குள் சேர்ந்திருக்கும் அம்மோனியா மூக்கையும் கண்ணையும் எரிக்கும். குளிர்ந்த வண்டியிலும் மூடியை மெதுவாகத் திருகி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும்.

வண்டி சமமாக நிற்க வேண்டும் என்பது இன்னொரு காரியம். தொட்டியின் அளவு காட்டும் உணரி, சரிவில் நின்றால் தவறாகப் படிக்கும். நம் தீவில் சமதரை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேன்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி தலைப்பக்கம் தாழாமல் படுப்பதற்காக எல்லோருமே சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ஆப்பும் ஒரு ரசமட்டமும் வைத்திருப்போம். அதே ரசமட்டத்தை வண்டியின் தரையில் வைத்து, முன்சக்கரம் இரண்டையும் ஆப்பின்மேல் ஏற்றி நிறுத்தினோம். கைப்பிரேக் போட்டு, சாவியை எடுத்து வெளியே வைத்தாயிற்று.

பக்கத்தில் எடுத்து வைத்தவை: ரப்பர் கையுறை, நூல் உதிராத துணி இரண்டு, ஒரு வாளி சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டார்ச். புனல் எடுக்கவில்லை. வீட்டில் இருக்கும் எந்தப் புனலும் எப்போதோ ஆயிலோ டீசலோ பட்டதாகத்தான் இருக்கும். சில சொட்டு எண்ணெய் போதும் இந்தத் திரவத்தைக் கெடுக்க. கேனோடு வரும் புதுக் குழாயை உறை பிரித்து அப்படியே மாட்டுவதுதான் பத்திரம்.

மூடியைத் தொடும் முன் கொழுந்தனார் தன் பையிலிருந்து ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்தார். பேனா அளவில் சின்னக் குழல், ஒரு முனையில் கண்ணாடிப் பட்டை. லாரிக் கம்பெனி ஷெட்டில் பழகியவர், இங்கே வந்ததும் இணையத்தில் வாங்கிவைத்தது. ஆட்புளூ அளவுகோல் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கேனிலிருந்து சுத்தமான சொட்டு மருந்துக் குழாயால் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடிமேல் விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு செறிவைக் காட்டும். 31.8-க்கும் 33.2-க்கும் இடையில் இருந்தால் தரத்துக்குள் இருக்கிறது. எங்களுடையது சரியாக நடுவில் நின்றது. இந்தக் கருவி செறிவை மட்டும்தான் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. உர யூரியாவை அளந்து கரைத்தாலும் அது 32.5 என்றே காட்டும். ஆகவே பழைய கேனைச் சோதிக்க இது உதவும், கலப்படத்தைப் பிடிக்க உதவாது. எண்ணெய் கலந்திருக்கிறதா என்பதற்கு வேறு காகிதப் பட்டை விற்கிறார்கள். முத்திரை உடையாத கேனுக்கு அது தேவைப்படாது.

ஊற்றுவதற்கு முன்னால் செய்த வேலைதான் மூடிகளின் விஷயம். மூன்று வாய்களில் எது எதில் போனால் என்ன ஆகும் என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆட்புளூ டீசல் தொட்டிக்குள் போவதுதான் மிகப் பெரிய சேதம். டீசலைவிட இது கனமானது. லிட்டருக்கு ஏறக்குறைய 1.09 கிலோ, டீசல் 0.84 கிலோவை ஒட்டி. ஆகவே டீசலுக்கு அடியில் போய்ப் படிந்துகொள்ளும். பம்பு உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் பாகங்களை அது அரித்து, உப்பாக உறைந்து, இறுக்கிவிடும். இப்படி ஆகிவிட்டால் என்ஜினைக் கிளப்பக்கூடாது என்பது மட்டுமில்லை, சாவியையே திருப்பக்கூடாது. சாவி திரும்பியதும் பல வண்டிகளில் பம்பு ஓடத் தொடங்கிவிடும். இழுவை வண்டியைக் கூப்பிட்டு, தொட்டியைக் காலி செய்வதுதான் வழி. எதிர்த்திசையில் தவறு நடப்பது கடினம். ஆட்புளூ வாய் 19 மி.மீ. முனைக்கு அமைந்தது, டீசல் முனை அதைவிடத் தடிமன், நுழையாது. ஆனால் ஆட்புளூ கேனின் குழாய் டீசல் வாயில் தாராளமாக நுழையும். குடிதண்ணீர் வாயிலும் நுழையும்.

குடிதண்ணீர்த் தொட்டிக்குள் ஆட்புளூ போனால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, நம் தொட்டி போயிற்று. முழுக்கத் திறந்துவிட்டு, பம்பு, குழாய், சுடுநீர்க் கலன் வரைக்கும் பலமுறை அலச வேண்டும். செம்போ பித்தளையோ இணைப்புகளில் இருந்தால் அவற்றை இது அரிக்கும், பார்த்து மாற்ற வேண்டும். தண்ணீர் ஆட்புளூ தொட்டிக்குள் போனால் செறிவு குறைந்து, உணரி தரக்குறைவு என்று எச்சரிக்கும், கிளம்பாத நிலைக்குக் கொண்டுபோகும். கூடவே குழாய்த் தண்ணீரின் சுண்ணாம்பும் உள்ளே.

இந்தத் தீவில் பெட்ரோல் பங்கில் பணியாளர்தான் போட்டுவிடுகிறார், நாம் இறங்கவே வேண்டாம். நல்ல வழக்கம், பலருக்குப் பிழைப்பு. கேம்பர் வேன்காரர்கள் மட்டும் அப்போதும் இறங்கி நிற்க வேண்டும். சரக்கு வேனைப் பழகிய பணியாளருக்கு, பின்சக்கரத்தின்மேல் இன்னொரு நீல மூடி இருக்கும் என்று தெரிய நியாயமில்லை. அதே மாதிரி முகாம்களில் யாராவது உதவிக்குத் தண்ணீர்க் குழாயை நீட்டும்போதும். எங்கள் வண்டியில் தண்ணீர் மூடியின் நீலத்தை வெள்ளைப் பெயின்டால் மூடி, கீழே குழாயிலிருந்து சொட்டு விழும் படம் ஒட்டினேன். ஆட்புளூ மூடியின் உட்பக்கத்தில், தமிழிலும் பிரெஞ்சிலும் "தண்ணீர் இல்லை" என்று எழுதிய சின்ன அட்டை. தண்ணீர் மூடியின் சாவி என் சாவிக்கொத்தில் மட்டும். பிள்ளைகளிடமும் காட்டி, எது எதற்கு என்று திருப்பிச் சொல்லச் சொன்னேன். பெரியவள் வெள்ளை மூடியைத் தொட்டுக் காட்டி "நம்ம தண்ணி", நீலத்தைக் காட்டி "புகை தண்ணி" என்றாள்.

பிறகு ஊற்றியது ஒன்றும் பெரிய வேலையில்லை. கேனை மெல்லச் சாய்த்து, காற்று உள்ளே போக வழிவிட்டு, சீராக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் வாயில் தேங்கி வெளியே தெறிக்கும். லாரிகளுக்கான பம்பு முனை நிமிஷத்துக்கு 40 லிட்டர் வரை தள்ளும், அதை இந்த மாதிரிச் சின்னத் தொட்டிக்குப் பிடித்தால் நிரம்புமுன்பே பொங்கி வழியும். கேன்தான் நமக்கு வசதி. எங்கள் தொட்டி ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளும். எச்சரிக்கை வந்தபோது நாலு லிட்டர் அளவில் மிச்சம் இருந்திருக்கும் என்பது என் கணக்கு. முழுக் கேனையும் ஊற்றினாலும் கழுத்து வரைக்கும் வராது. கழுத்துவரை நிரப்பவும் கூடாது. வெப்பத்தில் விரிவதற்கு மேலே இடம் வேண்டும். குறைந்தபட்ச அளவும் உண்டு. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் ஊற்றினால் சில வண்டிகளின் உணரி அதைக் கணக்கிலேயே எடுக்காது. எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாய் விளிம்பில் கொஞ்சம் வழிந்தது. இது காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும், திருகு மரைக்குள் ஏறி மூடியை இறுக்கிவிடும். ஈரமாக இருக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் தடமே இல்லாமல் போய்விடும். சோப்பு வேண்டாம், வேறு மருந்தும் வேண்டாம், யூரியா தண்ணீரில் நன்றாகக் கரையும். தண்ணீர் வாய்க்குள் இறங்காமல் மூடியை முதலில் போட்டுவிட்டுத் துடைக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். பெயின்ட், இரும்பு போல்ட்டு, பித்தளை, மின் இணைப்பு எதன்மேல் பட்டாலும் உடனே கழுவிவிட வேண்டும். தோலில் பட்டால் கழுவினால் போதும். கொடிய விஷம் ஒன்றும் இல்லை. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

மூடியை இறுக்கியதும் உடனே கிளப்பவில்லை. சாவியை இயக்க நிலையில் மட்டும் வைத்து, என்ஜினைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். உணரி புது அளவைப் படிக்க அவகாசம் வேண்டும். அப்போதும் எச்சரிக்கை அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கையேட்டிலேயே, ஓட ஆரம்பித்துச் சிறிது தூரம் போனபின் மறையும் என்றுதான் இருக்கிறது. சேன் பெனுவா பக்கமாக ஒரு ஓட்டம் போய்த் திரும்பி, வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினால், செய்தி போயிருந்தது. இந்த இடைவெளியில் பயந்துபோய் இன்னொரு கேன் வாங்கி ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

கேனில் மிச்சம் இருந்தால் வேனுக்குள் வைத்துக்கொண்டு போகலாமா என்று கேட்பார்கள். நாங்கள் வைப்பதில்லை. நாம் படுத்துத் தூங்கும் இடம் அது. மூடிய வண்டிக்குள் மத்தியான வெயிலில் திரவமும் கெடும், வாடையும் வரும். திறந்த கேனில் தூசியும் சேரும். முழுக் கேனையும் ஊற்றிக் காலி செய்யும் அளவுக்குத் தொட்டி இறங்கிய பிறகே வாங்குவது எங்கள் முறை. எச்சரிக்கை 2400 கி.மீ.க்கு முன்பே வருவதால் அதற்கு அவகாசம் தாராளமாக இருக்கிறது. அப்படியும் மிச்சமானால் வீட்டில் படிக்கட்டுக்கு அடியில், தரையில், வெளிச்சம் படாத இடத்தில் வைப்போம். மூடிமேல் திறந்த தேதியை எழுதிவிடுவேன்.

காலிக் கேனைப் பற்றி ஒரு கண்டிப்பு எனக்கு உண்டு. நல்ல தடித்த வெள்ளைக் கேன், கைப்பிடியோடு. பார்த்தால் தண்ணீர் பிடித்துவைக்கத் தோன்றும். நம் தீவில் புயல் காலம் என்றால் வீட்டுக்கு வீடு கேன்களில் தண்ணீர் பிடிப்போம். 2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் அடித்துப் போன பிறகு, குழாயில் தண்ணீர் வராமல் எத்தனை வீடுகள் பட்ட பாடு தெரியுமே. அந்த அவசரத்தில் எந்தக் கேன் எதற்கு இருந்தது என்று யாரும் பார்க்கமாட்டார்கள். ஆட்புளூ கேனை எத்தனை முறை கழுவினாலும் குடிதண்ணீருக்கு வைக்கக்கூடாது, வீட்டிலேயே இருக்கக்கூடாது. நான் குழாயை நறுக்கிப் போட்டு, கேனில் ஓட்டை போட்டு, அந்த வாரமே கழிவுப்பொருள் நிலையத்தில் கொடுத்துவிட்டேன்.

இத்தனை தொல்லை எதற்கு, மென்பொருளை மாற்றி இந்த அமைப்பையே அணைத்துத் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரரிடமும் ஒருவர் சொன்னார். பிரெஞ்சுச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தை நீக்குவதற்கு 7500 யூரோ வரை அபராதம் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமான காரணம் இருக்கிறது. சலாசி, சிலாவோஸ், இரண்டுமே நாலு பக்கமும் மலைச்சுவர் எழுந்து நிற்கும் பள்ளத்தாக்குகள். காற்று எளிதில் வெளியேறாத ராத்திரியில் அங்கே வேன்களை வரிசையாக நிறுத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்துப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறோம். காலையில் முதலில் கிளம்பும் வண்டியின் புகை, அடுத்த வண்டிப் பிள்ளையின் மூச்சில்தான் போகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு லிட்டர் திரவத்தை மிச்சம் பிடிக்க அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

ஒரு விஷயம் கொழுந்தனார் சொல்லித் தெரிந்துகொண்டது. இந்த அமைப்பு வேலை செய்யப் புகைக்குழாய் சூடேற வேண்டும். 200 டிகிரியை ஒட்டி ஏறினால்தான் திரவத்தைப் பீய்ச்சத் தொடங்கும். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டமே ஓடும் வண்டியில் குழாய் சூடேறியும் ஏறாமலும் இருந்து, யூரியா முழுக்க உடையாமல் உள்ளே கட்டியாகப் படியும். "லாரியில அந்தக் கவலையே இல்ல அண்ணி, நாள் பூரா ஓடும். வேனை நீங்க வாரம் ஒரு தடவையாவது நல்லா ஏத்தத்துல விட்டு இழுக்கணும்" என்றார். நம் தீவில் ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. சேன் பெனுவாவிலிருந்து பிளேன் தே பால்மிஸ்த் வழியாக மேட்டுக்கு ஏறினாலே போதும்.

ஊற்றிய நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்: தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு, திரை காட்டும் மிச்சத் தூரம். கடற்கரைச் சாலையில் மட்டும் ஓடிய வாரங்களில் மிச்சத் தூரம் மெதுவாகக் குறைகிறது. மேட்டுக்குப் போய் வந்த வாரத்தில், ஓடிய தூரத்தைவிட அதிகமாகவே இறங்கிவிடுகிறது. என்ஜின் சுமையோடு ஏறும்போது நைட்ரஜன் ஆக்சைடும் அதிகம் வரும், அதை அடக்கத் திரவமும் அதிகம் போகும். ஆகவே திரை காட்டும் எண்ணை அப்படியே நம்பி மலைக்குப் போகாமல், அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் பார்க்கிறேன். இப்போதைய கணக்குப்படி அடுத்த கேன் மே மாதத்துக்குப் பிறகுதான் தேவைப்படும். அதற்குள் வெயிலும் தணிந்திருக்கும்.